மோமிஜி கறி இல்லீங்க, அக்டோபரும் இல்லீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் ஒசாகா பக்கத்துல பதினோரு வருஷமா இருக்கேன், சொந்த ஊரு அம்பாசமுத்திரம். உங்க பேப்பர் இங்க வராது. ஆனா எங்க அப்பா காலைல காபியோட உக்காந்து பேப்பர் பாக்கும்போது ஜப்பான்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டாப் போதும், அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல தட்டி விட்டுருவாரு, பாதி பக்கத்துக்கு அவரு கட்டைவிரல்தான் தெரியும். அப்படித்தான் போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த "ஜப்பானின் இலைத் திருவிழா" கட்டுரையும் வந்து சேந்துச்சு. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏட்டி, மோமிஜி கறின்னு போட்டிருக்கான், அது என்ன கறி, நீ செஞ்சு பாத்திருக்கியா?"

எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் போட்டோவைப் பெருசாக்கி பாத்தா, படத்துக்குக் கீழ கொட்டை எழுத்துல 'மோமிஜி கறி', வல்லின ற போட்டு. சார், அது மோமிஜிகரி. அடுப்புக்கரின்னும் நினைச்சுக்க வேண்டாம். மோமிஜின்னா சிவந்த இலை, மேப்பிள் மரத்துக்கும் அதே பேருதான். கரிங்கறது வேட்டை. இங்க ஸ்ட்ராபெரி தோட்டத்துல காசு கட்டிட்டு நாமளே பறிச்சுத் திங்கறதுக்கு இச்சிகோகரின்னு பேரு, திராட்சைன்னா புதோகரி, காட்டுல காளான் தேடிப் போனா கினோகோகரி. இலைக்கும் அதே வார்த்தைதான், ஆனா அங்க மட்டும் கை வைக்க மாட்டாங்க, கண்ணாலதான் வேட்டை, மலையில எங்க சிவந்திருக்குன்னு தேடிப் போய்ப் பாக்கணும்.

இதுல தமாஷ் என்னன்னா, நீங்க தெரியாம போட்டது ஒரு வகையில சரியாவும் இருக்கு. ஜப்பான்ல மான் கறிக்கு செல்லப் பேரே மோமிஜிதான். குதிரைக் கறிக்கு சகுரான்னு செர்ரிப்பூ பேரு, காட்டுப்பன்னிக்கு போதான்னு சொல்ற மாதிரி. ஹானாஃபுதான்னு பூப்படம் போட்ட ஒரு சீட்டுக்கட்டு இருக்கு, மாசத்துக்கு ஒரு செடி, அதுல பத்தாவது மாசத்துக்கு மேப்பிள் இலையும் பக்கத்துல ஒரு மானும். அதனால மானும் மோமிஜியும் இங்க ஜோடி. அப்பாகிட்ட இதைச் சொன்னதுக்கு "அப்போ பேப்பர்காரன் சரியாத்தானே போட்டிருக்கான்"னு உங்க பக்கம் சாஞ்சுட்டாரு.

எழுத்துப்பிழையைக்கூட சிரிச்சிட்டு விட்டுரலாம் சார். ஆனா அந்தக் கட்டுரையில கட்டம் கட்டி "செல்ல ஏற்ற மாதம்: அக்டோபர்"னு ஒத்தை வரில முடிச்சிருக்கீங்களே, அதுக்குத்தான் இந்த லெட்டரே. அந்த ஒத்தை வரியால எங்க வீட்லயே ஒரு கதை நடந்துபோச்சு, உங்க பேப்பரைப் பாத்து இல்ல, வேற எங்கேயோ பாத்து, ஆனா வரி என்னமோ அதே வரிதான்.

எங்க அக்காவும் அத்தானும் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டூர் கம்பெனி மூலமா வந்தாங்க, கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், எட்டு நாள் பேக்கேஜ், அக்டோபர் ரெண்டாவது வாரம், நோட்டீஸ்ல தீப்பிடிச்ச மாதிரி செவச்செவன்னு ஒரு கோயில் படம். அக்கா அதுக்குன்னே மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவையை பெட்டில வச்சு எடுத்துட்டு வந்திருக்கா, சிவப்பு இலை பக்கத்துல நின்னா எடுப்பா இருக்கும்னு. என்கிட்ட தேதி கேட்டிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன், ஆனா எனக்கு சர்ப்ரைஸ் குடுக்கறாங்களாம், டிக்கெட் எல்லாம் போட்டு முடிச்ச பிறகுதான் போனே வந்துச்சு. கியோட்டோல தோஃபுகுஜின்னு ஒரு கோயில், அங்க சூத்தென்க்யோன்னு கூரை போட்ட மரப்பாலம், அதுல நின்னு கீழ பாத்தா பள்ளம் முழுக்க மேப்பிள், சுமார் 2000 மரம். நோட்டீஸ்ல இருந்த படம் அந்த இடம்தான். நாங்க போன அன்னைக்கு அந்த 2000 மரமும் பச்சைப் பசேல்னு நிக்குது. ஒரு இலை, ஒரே ஒரு இலை ஓரத்துல கொஞ்சம் பழுத்திருந்துச்சு, அத்தான் அதை ஜூம் பண்ணி போட்டோ எடுத்தாரு. அக்கா பாலத்துக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "இதுக்கு நம்ம ஊரு ரோட்டுல புளியமரம் இருக்கே, விசா இல்லாம பாக்கலாமே"ன்னா. கூட வந்த கைடு "இன்னும் ரெண்டு மூணு நாள்ல சிவந்துரும் மேடம்"னு சமாளிச்சாரு பாருங்க, எனக்கு அவரைப் பாக்கவே பாவமா இருந்துச்சு. ரெண்டு மூணு நாளா, இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு சார்.

இதுல வயித்தெரிச்சல் எதுன்னா, அதே வாரம் அவங்க டோக்கியோல ரெண்டு நாள் சும்மா ஷாப்பிங்னு சுத்தியிருக்காங்க. டோக்கியோல இருந்து ரயில்ல ரெண்டு மணி நேரம் போனா நிக்கோ. அங்க இருந்து மேல ஏறினா சூசென்ஜின்னு ஒரு ஏரி, கடல்மட்டத்துல இருந்து 1,269 மீட்டர், அந்த ஏரிக்கரை எல்லாம் அக்டோபர் நடுவுல இருந்தே சிவக்க ஆரம்பிச்சிரும், பக்கத்துலயே கேகோன் அருவி 97 மீட்டர் உயரத்துல இருந்து விழும். ஏர்ற மலை ரோட்டுக்கு இரோஹாஸாகான்னு பேரு, ஏர்றதுக்கு ஒரு ரோடு எறங்கறதுக்கு ஒரு ரோடு, ரெண்டும் சேத்து 48 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் ஜப்பான் அரிச்சுவடில இருந்து ஒரு எழுத்து எழுதி போர்டு வச்சிருப்பாங்க. சீசன்ல சனி ஞாயிறு போனா வண்டி நகராது, ஒரு எழுத்துல இருந்து அடுத்த எழுத்துக்குப் போறதுக்குள்ள முழு அரிச்சுவடியும் மனப்பாடம் ஆயிரும். ஆக அக்கா வந்த தேதி தப்பே இல்ல, கூட்டிட்டுப் போன இடம்தான் தப்பு. பட்டுப்புடவை நிக்கோல கட்டியிருக்க வேண்டியது.

ஏன் இப்படின்னா, இந்த நாடு வடக்குத் தெற்கா நீளமா கிடக்கு. சகுரா பூக்கறது தெற்குல ஆரம்பிச்சு வடக்கே ஏறும், இலை சிவக்கறது நேர் தலைகீழ், வடக்குல ஆரம்பிச்சு தெற்கே எறங்கும், அதோட மலை உச்சில ஆரம்பிச்சு அடிவாரத்துக்கு எறங்கும். ஹொக்கைடோவுல டைசெட்சுஸான்னு மலைத்தொடர், அங்க செப்டம்பர் நடுவுலயே சிவந்துரும், நாங்க இங்க ஒசாகாவுல ஏசி போட்டுட்டு உக்காந்திருப்போம். கியோட்டோ ஒசாகா பக்கம் வர்றதுக்கு நவம்பர் ரெண்டாவது பாதி ஆயிரும், கீழ கியூஷூவுக்கு நவம்பர் கடைசி டிசம்பர். கியோட்டோ ஒரு ஊருக்குள்ளயே பாருங்க, மேற்குல தகாவோ மலைப்பக்கம் முதல்ல, ஊருக்குள்ள இருக்கற கோயில்கள் அப்புறம், ஷிமோகாமோ கோயிலைச் சுத்தி இருக்கற தாதாசு காடு டிசம்பர்லதான். இதை எல்லாம் ஒரே மாசத்துக்குள்ள எப்படி சார் அடைக்கறது?

மாசமே இப்போ தள்ளிப் போயிட்டு இருக்கு, அது வேற. ஜப்பான் வானிலை ஆய்வு மையம் 1953ல இருந்து ஊர் ஊருக்கு ஒரு மேப்பிள் மரத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, அந்த மரம் முக்கால்வாசிக்கு மேல சிவந்த நாளை எழுதி வச்சுட்டே வருது. அந்தக் கணக்குப்படி பத்து வருஷத்துக்கு சுமார் மூணு நாள் வீதம் லேட் ஆகிட்டு இருக்கு. அப்போ எழுபது வருஷத்துல? நீங்களே பெருக்கிப் பாத்துக்கங்க. பழைய டூர் கைடு புக்ல போட்ட தேதி இன்னைக்கு உதவாதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். முன்னாடி இந்த மாதிரி அம்பது அறுபது விஷயம் கவனிச்சு எழுதுவாங்க, முதல் தும்பி எப்போ, முதல் குயில் எப்போன்னு எல்லாம். 2021ல இருந்து பிராணிகளை மொத்தமா விட்டுட்டாங்க, செடி மரத்துலயும் ஆறே ஆறுதான் மிச்சம். அந்த ஆறுல மேப்பிள் தப்பிச்சிருச்சு, கூடவே மஞ்சளாகற கிங்கோ மரமும்.

கிங்கோன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். டோக்கியோல மெய்ஜி ஜிங்கு காயென்ல 300 மீட்டருக்கு ரெண்டு பக்கமும் 146 கிங்கோ மரம், மஞ்சத்தூளை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும், உங்க கட்டுரையில அந்தப் படத்தைப் போட்டு கியோட்டோன்னு எழுதியிருக்கீங்க. பெண் மரத்துப் பழம் கீழ விழுந்து மிதிபட்டா வர்ற நாத்தத்தைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம், போறவங்க பழைய செருப்பா போட்டுட்டுப் போவாங்க. கொட்டையை மட்டும் எடுத்து வறுத்துக் குடுத்தா அப்படி ஒரு ருசி.

அடுத்தது "காய்ந்த இலைகளை ரசிக்கும் மக்கள்"னு ஒரு தலைப்பு. சார், அது காஞ்ச இலையே இல்ல. காஞ்சா பழுப்புதான் வரும். ராத்திரி குளிர் எட்டு டிகிரிக்குக் கீழ எறங்க ஆரம்பிச்சா மரம் இலைக்காம்புல ஒரு அடைப்பு போட்டுக்கும், இலைல இருக்கற பச்சையம் உடைஞ்சு குறையும், பகல் வெயில்ல செஞ்ச சக்கரை வெளிய போக வழியில்லாம இலைக்குள்ளயே தங்கிரும், அதுல இருந்துதான் ஆந்தோசயானின்னு செவப்புச் சாயம் புதுசா உண்டாகுது, நம்ம நாவப்பழம் தின்னா நாக்குல ஒட்டுமே அந்த வகைச் சாயம். மஞ்சள் அப்படி இல்ல, அது முன்னாடியே இலைக்குள்ள இருக்கறதுதான், பச்சை போனதும் வெளிய தெரியுது. அதனாலதான் பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி நல்ல குளிரும் அடிச்ச வருஷம் செவப்பு அள்ளும், மப்பும் மழையுமா போன வருஷம் மங்கலாத்தான் இருக்கும். உயிரோட வேலை பாத்துட்டு இருக்கற இலைய போயி காஞ்சதுன்னா அதுக்கே கோவம் வரும்.

கோவம் வந்த கதையும் இருக்கு. இங்க புதுசா லைசென்ஸ் வாங்கினவங்க கார்ல பச்சையும் மஞ்சளுமா ஒரு தளிர் ஸ்டிக்கர் ஒட்டணும், 1972ல இருந்து இருக்கு. 1997ல வயசானவங்களுக்கும் ஒரு ஸ்டிக்கர் கொண்டு வந்தாங்க, ஆரஞ்சும் மஞ்சளும், மோமிஜி மார்க்குன்னு பேரு. கவர்ன்மென்ட்டுக்கு அது அழகா தெரிஞ்சிருக்கு போல, ஆனா பெருசுங்க ஒத்துக்கல, எங்களை உதிர்ற இலைங்கறீங்களா, சருகுங்கறீங்களான்னு ஒரே புலம்பல், கடைசில 2011ல நாலு இதழ் வச்ச வேற டிசைனுக்கு மாத்திட்டாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் பழைய ஸ்டிக்கரைத்தான் ஒட்டியிருக்காங்க, கேட்டா எனக்கு இதுதான் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க.

அந்தப் பாட்டிதான் எனக்கு இலை பாக்கவே சொல்லிக் குடுத்தது. வந்த முதல் வருஷம் நான் கூட்டத்தோட கூட்டமா போய் செல்ஃபி எடுத்துட்டு வந்தேன், அதைக் காட்டினேன், அவங்க வாசல்ல கிடந்த ஒரு இலைய எடுத்து என் உள்ளங்கைல வச்சு, விரல் விரலா பிரிஞ்சிருக்கறதைத் தொட்டுத் தொட்டு "இ, ரோ, ஹா, நி, ஹோ, ஹே, தோ"ன்னு எண்ணினாங்க. ஏழு. நாம அ ஆ இ ஈன்னு எண்ற மாதிரி அவங்க பழைய அரிச்சுவடி. அந்த வகை மேப்பிளுக்குப் பேரே இரோஹாமோமிஜி, இந்த எண்ணிக்கையாலதான். மேப்பிளுக்கு கயெதேன்னு இன்னொரு பேரும் உண்டு, கயெருன்னா தவளை, தேன்னா கை, தவளைக்கையின்னு சொல்லிச் சொல்லி தேஞ்சு கயெதே ஆயிருச்சாம். சின்னக் குழந்தை கையையும் மோமிஜி மாதிரி கைன்னுதான் கொஞ்சுவாங்க. என் பொண்ணு பிறந்தப்போ ஆஸ்பத்திரில பாட்டி முதல்ல விரிச்சுப் பாத்தது அவ கையைத்தான்.

அப்புறம் "திருவிழா"ங்கற வார்த்தை. திருவிழான்னா தேதி இருக்கும், கொடியேத்துவாங்க, மைக்செட் இருக்கும். இதுல அதெல்லாம் கிடையாது. நவம்பர் ஆனா ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு போர்டு வச்சிருவாங்க, எந்தெந்த இடம் இன்னும் பச்சை, எது கலர் மாற ஆரம்பிச்சிருக்கு, எது மிகோரோ, எது உதிருதுன்னு. மிகோரோன்னா பாக்கற பதம். நம்ம பாகு பதம் மாதிரிதான், முந்தினாலும் போச்சு பிந்தினாலும் போச்சு. அந்த போர்டைப் பாத்துட்டு ஆபீஸ் போறவங்க எல்லாம் மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டுப் போவாங்க, அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தாங்குமா, நடுவுல மழை காத்து வந்து கொட்டிருமான்னு. கொட்டினாலும் விட மாட்டாங்க, பாசி மேல செவப்பா விழுந்து கிடக்கறதுக்கு சிரிமோமிஜின்னு தனிப் பேரு வச்சு அதையும் பாக்கப் போவாங்க. பச்சையா இருந்தா அதுக்கும் ஆஓமோமிஜின்னு ஒரு பேரு இருக்கு, மே மாசம் அதைப் பாக்கவே ஆளுங்க வர்றாங்க. இதை அன்னைக்கே அக்காகிட்ட சொன்னேன், "நீ சும்மா இரு"ன்னுட்டா.

இது பழைய பழக்கம் சார், ஏழாம் நூத்தாண்டுல நுகாதான்னு ஒரு இளவரசி பாட்டு எழுதியிருக்காங்க, வசந்தகாலப் பூ மலையா, இலை சிவந்த மலையா, எது ஒசத்தின்னு அரண்மனையில கேள்வி. வசந்தத்துல பூ பூக்குது, ஆனா செடி மண்டிக் கிடக்கறதால உள்ள போய் கைல எடுத்துப் பாக்க முடியல, இலைன்னா செவந்ததை கைல எடுத்து ரசிக்கலாம், பச்சையா இருக்கறதை அப்படியே விட்டுட்டு ஒரு பெருமூச்சு விடலாம், எனக்கு அந்த மலைதான்னு முடிக்கறாங்க. பச்சை இலைக்குப் பெருமூச்சு விட்டதுல எங்க அக்காவுக்கு முன்னோடி. ஆரம்பத்துல இது ராஜா வீட்டு ஆளுங்க பொழுதுபோக்குதான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாருக்கும் ஆயிருச்சு. டோக்கியோ மியூசியத்துல கானோ ஹிதேயோரி வரைஞ்ச ஒரு மடக்குத் தட்டி ஓவியம் இருக்கு, பதினாறாம் நூத்தாண்டு, தேசியப் பொக்கிஷம், தகாவோ மலைல கியோதாகி ஆத்தங்கரைல ஜனங்க இலை பாக்க வந்திருக்கறதுதான் படம். பொம்பளைங்க குழந்தை குட்டியோட வட்டமா உக்காந்திருக்காங்க, திங்கறதுக்கு கொண்டு வந்திருக்காங்க. இலைய யாருமே பாக்கலையோன்னு தோணும். இன்னைக்கும் அப்படித்தான், பாயை விரிச்சு டப்பாவைத் தொறந்துட்டா அப்புறம் ஊர்க்கதைதான்.

தோஃபுகுஜி பத்தி ஒரு கதை சொல்வாங்க, அந்தக் கோயில்ல மின்சோன்னு ஒரு ஓவியத் துறவி, ஷோகன்னு சொல்ற ராணுவ ஆட்சித் தலைவர் யோஷிமோச்சி அவரு படத்தைப் பாத்து மகிழ்ந்து என்ன வேணும் கேளுன்னாராம், அவரு காசு பணம் கேக்கல, இங்க இருக்கற சகுரா மரத்தை எல்லாம் வெட்டிருங்க, இல்லைன்னா பின்னாடி இது கூத்தடிக்கற எடமா ஆயிரும்னாராம். வெட்டிட்டாங்க. இப்போ நவம்பர்ல போய்ப் பாருங்க, மேப்பிள் பாக்க வர்ற கூட்டத்துல பாலம் திணறுது, நின்னு போட்டோ எடுத்து வழி அடைக்கறாங்கன்னு உச்ச சீசன்ல பாலத்து மேல போட்டோவே எடுக்கக் கூடாதுன்னு போட்டுட்டாங்க. பாவம் அந்த மனுஷன். உங்க கட்டுரை அந்தப் பாலத்தை "செல்ஃபிக்கு சிறந்த இடம்"னு எழுதியிருக்கு, அதையும் சேத்து திருத்திருங்க. போற ஆளு அங்க செக்யூரிட்டிகிட்ட திட்டு வாங்கக் கூடாது பாருங்க.

சரி, அப்பா கேட்ட கறி விஷயத்துக்கு வர்றேன். கறி இல்லைன்னதும் அவரு குரல்ல ஒரு ஏமாத்தம், அதனால இலையையே திங்கற இடம் ஒண்ணு இருக்குப்பான்னு சொல்லிட்டேன். எங்க வீட்ல இருந்து அரை மணி நேரத்துல மினோன்னு ஒரு ஊரு, ஸ்டேஷன்ல எறங்கி ஓடையை ஒட்டியே ரெண்டே முக்கால் கிலோமீட்டர் மாதிரி நடந்தா 33 மீட்டர் அருவி. குத்தாலம் மாதிரியே குரங்கு உண்டு, குளிக்க மட்டும் முடியாது. குரங்குக்கு தீனி போட்டா 10,000 யென் வரைக்கும் அபராதம்னு அந்த ஊர்ல சட்டமே போட்டிருக்காங்க. வழி நெடுக சின்னச் சின்னக் கடை, வாசல்லயே எண்ணெய்ச் சட்டி, அதுல மேப்பிள் இலைய பஜ்ஜி போடறாங்க. கீழ விழுந்ததைப் பொறுக்கிப் போடறது இல்ல, அதுக்குன்னே மஞ்சளா ஆகற ஒரு வகை இலை, பறிச்சுக் கழுவி ஒரு வருஷம் உப்புல ஊற வச்சு, அப்புறம் உப்பை எடுத்துட்டு, கோதுமை மாவுல சக்கரையும் எள்ளும் கலந்து அதுல முக்கிப் போடறாங்க. ஒரு அம்மா நீளமான குச்சியால ஒவ்வொரு இலையா திருப்பிட்டே நின்னாங்க, அஞ்சு நிமிஷம் ஆச்சு பத்து நிமிஷம் ஆச்சு, எடுக்கற மாதிரியே தெரியல, நம்ம ஊர் பஜ்ஜி வேகம் எல்லாம் கிடையாது. கடைசில எடுத்து வடிய விட்டு ஆறின பிறகுதான் கவர்ல போட்டாங்க. கடிச்சா அச்சு முறுக்குதான் சார், அதே இனிப்பு, அதே எள்ளு வாசம், இலைக்குன்னு ஒரு ருசியும் இல்ல, ஓரத்துல அந்த விரல் விரலான வடிவம் மட்டும் மாவுக்குள்ள நிக்குது. நான் பாட்டி சொல்லிக் குடுத்த மாதிரி எண்ணிப் பாத்துட்டுத்தான் தின்னேன்.

அக்காவும் அத்தானும் இந்தத் தடவை நவம்பர் 25 வாக்குல வர்றாங்க, டூர் கம்பெனி எல்லாம் கிடையாது, எங்க வீட்லதான் தங்கறாங்க, அதே புடவைதானாம். தேதி சொன்னதுக்கு நானும் முழு கேரன்டி குடுக்கல, ஸ்டேஷன் போர்டு பாத்துட்டுத்தான் எந்தக் கோயில்னு முடிவு பண்ணணும்னு சொல்லியிருக்கேன். நீங்க திருத்தம் போடறதா இருந்தா அக்டோபர்னு இருக்கற கட்டத்துல வடக்கே செப்டம்பர் நடுவுல இருந்து, நிக்கோ மாதிரி மலை ஊர்கள் அக்டோபர், கியோட்டோ நவம்பர் கடைசி டிசம்பர் ஆரம்பம்னு மட்டுமாவது மாத்திப் போடுங்க, கறியையும் கரியாக்கிருங்க. அப்பாவுக்கு ரெண்டு பாக்கெட் இலை பஜ்ஜி போன வாரமே பார்சல்ல அனுப்பியாச்சு, உடையாம போய்ச் சேரணுமேன்னுதான் கவலை.

இப்படிக்கு,
அப்பா மூலமா உங்க பேப்பர் படிக்கற ஒரு வாசகி,
ஒசாகா, ஜப்பான்